சாலையிலிருந்து மருத்துவமனைக்கு: திருவனந்தபுரத்தில் செவிலியருக்குக் கற்பித்தோரின் வரலாறு

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையில் தொடங்கும் சாலைக் கடைத்தெருவின் மறுகோடியில், கிள்ளியாற்றை ஒட்டி அமைந்த வலியசாலை, தமிழும் மலையாளமும் பல தலைமுறைகளாக ஒரே தெருவில் புழங்கிவரும் பகுதியாகும். அங்குள்ள மகாதேவர் கோயிலின் பெயரோடு காந்தளூர் என்னும் ஊர்ப்பெயரும் சேர்ந்தே வழங்குவதால், முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் காந்தளூர்ச் சாலை இவ்விடத்தில்தான் இருந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுவர். அதை விழிஞத்தை ஒட்டிய கடற்கரையில் தேடுவோரும் உண்டு. சாலை எனப்பட்டது மாணவர் தங்கி, உண்டு, கற்ற நிறுவனமாகும். அத்தகைய நிறுவனத்தின் நினைவைப் பெயரிலேயே தாங்கி நிற்கும் வலியசாலையிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், தைக்காட்டில், பெண்கள் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருவிதாங்கூர்ப் பெண்கள் பேறுகாலப் பணியை முறையாகக் கற்ற இடங்களுள் அதுவே முதன்மையானது. இவ்விரண்டு இடங்களுக்கும் இடையே காலத்தால் ஆயிரம் ஆண்டு இடைவெளி இருந்தாலும், கல்வி வரலாற்றின் அடிப்படையான கேள்வி ஒன்று இரண்டையும் இணைக்கிறது. கற்கும் காலத்தில் மாணவரின் சோற்றுக்கும் உறைவிடத்துக்கும் யார் பொறுப்பு, அதற்கு ஈடாக மாணவர் எதைக் கொடுக்க வேண்டும் என்பதே அக்கேள்வி. செவிலியர் கல்வியின் வரலாற்றை இக்கேள்வியைக் கொண்டு படிக்கும்போதுதான், மருத்துவமனையில் செவிலியருக்குக் கற்பிப்பவர் என்னும் பணி ஏன் தோன்றியது என்பதும், அது எதற்காகப் போராட வேண்டியிருந்தது என்பதும் விளங்கும்.

சாலையும் ஆதுலர் சாலையும்

காந்தளூரின் நடைமுறைகளை அறிய உதவும் தலையாய சான்று, ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டு வாக்கில் வெளியிட்ட பார்த்திவபுரம் செப்பேடாகும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் பெற்றுக் கோயில் எழுப்பிய அம்மன்னன், காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கை முன்மாதிரியாகக் கொண்டு, தொண்ணூற்றைந்து சாத்தர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, அங்கே ஒரு சாலையை நிறுவினான். பவிழிய சரணத்தார் 45 பேர், தைத்திரிய சரணத்தார் 36 பேர், தலவகார சரணத்தார் 14 பேர் என்று வேதக் கிளைவாரியாக இடங்கள் பிரிக்கப்பட்டிருந்தன. மாணவர் ஒருவரையொருவர் இழித்துப் பேசினால் தண்டம் உண்டு, கருவியால் தாக்கினால் தண்டம் உண்டு, தங்குமிடத்தில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்றெல்லாம் விதிகளும் வகுக்கப்பட்டிருந்தன. ஆனால், மாணவர் தம் உணவுக்காக உழைக்க வேண்டும் என்ற விதி மட்டும் அதில் இல்லை. நிலத்தின் விளைச்சல் அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டதால், கற்பவன் கற்பவனாக மட்டுமே இருக்க முடிந்தது.

நோயாளியைப் பேணும் வேலைக்கும் இடைக்காலத் தமிழகத்தில் நிவந்தம் அளிக்கப்பட்டது. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் கோயிலில் உள்ள, வீரராசேந்திர சோழன் காலத்து நெடுங்கல்வெட்டு, வீரசோழன் என்னும் பெயரால் வழங்கிய ஓர் ஆதுலர் சாலையை, அதாவது நோயுற்றோருக்கான விடுதியை, விரிவாகக் குறிப்பிடுகிறது. பதினைந்து நோயாளிகள் படுப்பதற்கு இடமும், ஒரு வைத்தியரும், அறுவை செய்யும் ஒருவரும், மூலிகையும் விறகும் கொண்டுவருவோரும், மருந்து காய்ச்சி நோயாளிக்குக் கொடுக்கும் பெண்கள் இருவரும் அதில் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தனர். அதே கல்வெட்டு அதே கோயிலில் வேதமும் இலக்கணமும் கற்ற மாணவரின் உணவுக்கும், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கும் கூட வழிசெய்துள்ளது. ஒரே மதிலுக்குள் பள்ளியும் மருத்துவச் சாலையும் இருந்தும், அப்பெண்கள் இருவரும் பணியாளர் பட்டியலில்தான் இடம்பெற்றார்கள். அவர்கள் செய்த வேலையை எவரும் எவருக்கும் கற்பிப்பதற்கு அக்கல்வெட்டில் ஏற்பாடு ஏதும் இல்லை. பேணுதல் என்பது கையால் செய்யும் வேலை, கற்பதற்குரிய அறிவு அதில் இல்லை என்ற பிரிவினை அங்கேயே கல்லில் பதிந்திருக்கிறது. அந்தப் பிரிவினையைக் கலைப்பதற்குத்தான் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளின் முயற்சிகள் தேவைப்பட்டன.

மருத்துவச்சியின் கை, டிரெஸ்ஸரின் கை

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் உடலைத் தொட்டுச் செய்யும் பணிவிடை இரண்டு வகைப்பட்ட கைகளில் இருந்தது. வீட்டில் பிள்ளைப்பேறு பார்த்தவர், நாஞ்சில் நாட்டுத் தமிழில் மருத்துவச்சி என்றும் மலையாளத்தில் வயற்றாட்டி என்றும் அழைக்கப்பட்ட பெண். அவருடைய அறிவு தாயிடமிருந்து மகளுக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் கைவழியாக வந்தது, ஏட்டில் ஏறவில்லை. குழந்தை பிறக்கும்வரை அவர் இன்றி வீடு நடவாது; பிறந்த பின்னரோ தீட்டின் பெயரால் அவர் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுவார். அக்கிரகாரங்களில் இந்த முரண் மேலும் கடுமையாக இருந்தது. மருத்துவமனைகளிலோ, புண்ணைக் கழுவிக் கட்டுப்போடும் வேலை பெரும்பாலும் ஆண்களிடம் இருந்தது; அவர்கள் டிரெஸ்ஸர் எனப்பட்டனர். தென் திருவிதாங்கூரில் நெய்யூரை மையமாகக் கொண்டு 1838இல் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே வழியாகத் தொடங்கிய லண்டன் மிஷன் மருத்துவப் பணி, 1860களில் டாக்டர் ஜான் லோவின் காலத்தில் உள்ளூர் இளைஞருக்கு மருத்துவ வகுப்பு நடத்தும் அளவுக்கு வளர்ந்தது. அவ்வகுப்பில் பயின்றவர்களும் ஆண்களே.

ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், 1860களில் திருவனந்தபுரத்தில் பொது மருத்துவமனை நிறுவப்பட்டபோது, கட்டடமும் மருந்தும் மருத்துவரும் கிடைத்தனர். ஆனால், இரவு முழுவதும் நோயாளியின் அருகில் இருந்து, காய்ச்சலின் ஏற்ற இறக்கத்தைக் குறித்து, படுக்கையை மாற்றி, மருந்தை நேரத்துக்குக் கொடுக்கும் பயிற்சி பெற்றவர் கிடைக்கவில்லை. உயர்சாதிக் குடும்பங்கள் தம் பெண்களை இவ்வேலைக்கு அனுப்ப மறுத்தன. அந்நியரின் உடலைத் தொடுவது, கழிவை அகற்றுவது, இரவில் வீட்டுக்கு வெளியே தங்குவது ஆகிய மூன்றும் அக்குடும்பங்களின் கண்ணில் மூன்று தடைகளாக நின்றன. சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி 1910களில் இளம் கைம்பெண்களுக்காக நடத்திய இல்லம், அக்கிரகாரத்துப் பெண்களைப் பெரும்பாலும் பள்ளி ஆசிரியப் பணியை நோக்கியே நடத்திச் சென்றது என்பதை இதனோடு ஒப்பிடலாம். குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் பெண்ணை ஏற்றுக்கொண்ட சமூகம், நோயாளிக்கு முதுகு துடைத்துவிடும் பெண்ணை ஏற்க மேலும் பல்லாண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்த இடைவெளியைத் திருவிதாங்கூரில் பெருமளவு நிரப்பியவர்கள் கிறித்தவப் பெண்கள். தீட்டுக் கட்டுப்பாடு அவர்களிடம் தளர்ந்திருந்ததும், மிஷன் பள்ளிகளால் எழுத்தறிவு பரவியிருந்ததும் அதற்குக் காரணங்களாகும்.

நிதியோடு பிறந்த முறை, நிதியின்றிப் பரவிய முறை

புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1860இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியே நவீனச் செவிலியர் கல்வியின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. கிரிமியப் போரில் அவர் ஆற்றிய தொண்டுக்கு நன்றியாக மக்கள் திரட்டித் தந்த நைட்டிங்கேல் நிதியே அப்பள்ளிக்கு அடித்தளமாகும். புரொபேஷனர் எனப்பட்ட பயிற்சி மாணவியரின் உணவு, உறைவிடம், சீருடை ஆகியவற்றை அந்நிதி ஏற்றது. வார்டுப் பொறுப்பாளரான சிஸ்டர்கள் வேலையினூடே கற்பித்தனர். மருத்துவர் விரிவுரை நிகழ்த்தினார். மாணவியர் வார்டில் உழைத்தார்கள் என்றாலும், அவர்களைப் பராமரிக்கும் பொறுப்பு மருத்துவமனையின் வரவுசெலவுக் கணக்கிலிருந்து தனியாக நின்றது. பார்த்திவபுரத்தின் விளைநிலம் செய்த அதே காரியத்தை லண்டனில் அந்நிதி செய்தது.

இம்முறை இந்தியாவுக்கு வந்தபோது, பாடத்திட்டமும் சீருடையும் ஒழுங்கும் வந்தன, நிதி வரவில்லை. சென்னையில் 1854இலேயே அரசு பேறுகால மருத்துவச்சியருக்கான பயிற்சிப் பள்ளிக்கு ஒப்புதல் அளித்திருந்தது. 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நான்கு மாணவியருடன் ஆறு மாதப் பயிற்சியாகச் செவிலியர் பள்ளி தொடங்கப்பட்டது. அதன்பின் நாடெங்கும் தோன்றிய பள்ளிகளில் பெரும்பாலானவை தனி நிறுவனங்களாக இருக்கவில்லை. மருத்துவமனையின் ஓர் அங்கமாகவே இருந்தன. மாணவிக்கு மாதந்தோறும் சிறிய உதவித்தொகையும் உணவும் கொடுத்துவிட்டு, வார்டின் பெரும்பகுதி வேலையை அவளிடமே மருத்துவமனை பெற்றுக்கொண்டது. பகலில் எட்டு, பத்து மணிநேரம் வேலை பார்த்த பின் மாலையில் வகுப்பு, இரவுப் பணி முடிந்த காலையிலும் வகுப்பு என்பதே வழக்கமாயிற்று. எத்தனை மாணவியரைச் சேர்ப்பது என்பதை, எத்தனை பேருக்கு நன்றாகக் கற்பிக்க முடியும் என்பது தீர்மானிக்கவில்லை; வார்டுகளை நடத்த எத்தனை கைகள் வேண்டும் என்பதே தீர்மானித்தது.

இந்நிலையில் கற்பிப்பதற்கென்று தனியாள் எவரும் இல்லை. நிருவாகத்தின் தலைவியான மேட்ரன், தம் பல பொறுப்புகளுள் ஒன்றாகப் பயிற்சியையும் கவனித்தார். வார்டு சிஸ்டர் நல்லவராகவும் பொறுமையுள்ளவராகவும் வாய்த்தால் மாணவி கற்றாள். வாய்க்காவிட்டால், மூத்த மாணவியைப் பார்த்து இளைய மாணவி செய்தாள். பிழையும் அதே வழியில் தலைமுறை தாண்டியது. தேர்விலும் பதிவிலும் ஓர் ஒழுங்கைக் கொண்டுவரும் முயற்சிகள் மெல்லத் தொடங்கின. 1908இல் இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தோன்றியதும், 1926இல் சென்னை மாகாணம் நாட்டிலேயே முதலாவதாகச் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுக்கான சட்டத்தை இயற்றியதும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. யார் பயிற்சி பெற்றவர் என்பதை வரையறுக்காமல், யார் பயிற்றுவிக்கத் தக்கவர் என்பதை வரையறுக்க முடியாது என்பதால், பதிவேடு ஆசிரியருக்கு முன்னோடியாக அமைந்தது.

திருவனந்தபுரத்தின் வழி

திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற செவிலியரின் வருகை 1906இல் ஒரு புதிய கட்டத்தை அடைந்தது. கொல்லம் மறைமாவட்ட ஆயர் அலோசியஸ் மரிய பென்சிகரின் அழைப்பின் பேரில், சுவிட்சர்லாந்தின் மென்சிங்கன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட திருச்சிலுவைச் சகோதரிகள் அவ்வாண்டு திருவிதாங்கூருக்கு வந்து, அரசின் பொது மருத்துவமனையில் நோயாளிகளைப் பேணும் பணியை ஏற்றனர். கிறித்தவத் துறவியர் இந்து அரசொன்றின் மருத்துவமனையில் பணிபுரிந்த இந்த ஏற்பாடு, நகர மக்களின் கண்ணில் செவிலியர் பணிக்கு ஒரு மதிப்பை ஈட்டித் தந்தது. கூலிக்குச் செய்யும் இழிவேலை என்று கருதப்பட்டதைத் துறவு வாழ்க்கை வாழும் பெண்கள் தாமே விரும்பிச் செய்வதைக் கண்ட குடும்பங்கள், தம் மகளிரையும் அனுப்பலாம் என்ற எண்ணத்துக்கு மெல்ல வந்தன. ஆயினும் இம்மதிப்புக்கு ஒரு விலையும் இருந்தது. பணி என்பது தியாகம், தியாகத்துக்கு ஊதியமும் ஓய்வும் கேட்கக் கூடாது என்ற எதிர்பார்ப்பும் அதனுடனேயே வேரூன்றி, பின்வந்த தலைமுறைகளின் தோளில் ஏறியது.

பேறுகாலப் பயிற்சியைத் திருவிதாங்கூர் மண்ணில் நிலைநிறுத்தியவர் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் ஆவார். 1886இல் பிறந்த இவர், அறிவியல் படிக்க அனுமதி மறுக்கப்பட்டு, திருவனந்தபுரம் மகாராஜாக் கல்லூரியில் வரலாறு பயின்று பட்டம் பெற்று, பின்னர் லண்டனுக்குச் சென்று மருத்துவம் கற்றுத் திரும்பி, 1916இல் தைக்காடு மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவராகப் பொறுப்பேற்றார். கேரளத்தின் முதல் சிசேரியன் அறுவை 1920இல் இவர் கையால் நடந்ததாகச் சொல்லப்படுகிறது; 1938இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரலாக, அதாவது அரசின் மருத்துவத் துறைத் தலைவராக, உயர்ந்தார்; இந்தியாவில் அப்பதவியை வகித்த முதல் பெண் இவரே. ஆனால், செவிலியர் கல்வியின் வரலாற்றில் இவருடைய இடம் இப்பதவிகளால் அமைந்ததன்று. வீடுகளில் பேறு பார்த்துவந்த மருத்துவச்சியரைப் பகைத்து ஒதுக்காமல், அவர்களுடைய மகள்களையே மருத்துவமனைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டதுதான் இவருடைய தொலைநோக்கு. தாயின் கைப்பழக்கத்தோடு வளர்ந்த பெண், கையைக் கழுவுவதற்கும் கருவியைக் கொதிக்க வைப்பதற்கும் காரணத்தைக் கற்று, தாயை நம்பிய அதே தெருக்களுக்குத் திரும்பிச் சென்றாள். அதனால் புதிய அறிவு பழைய நம்பிக்கையின் வழியாகவே வீடுகளுக்குள் நுழைய முடிந்தது. மருத்துவச்சியின் பிழைப்பும் கெடவில்லை.

இங்கே ஓர் உண்மை கவனிக்கத்தக்கது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951 நவம்பர் 27 அன்று ஜவாஹர்லால் நேருவால் தொடங்கிவைக்கப்படும்வரை, மருத்துவராக விரும்பிய திருவிதாங்கூர் மாணவர் சென்னைக்கோ அதற்கு அப்பாலோ செல்ல வேண்டியிருந்தது. மருத்துவருக்கு முன்பே பேறுகாலச் செவிலி இந்நகரில் உருவாக்கப்பட்டாள். நகரின் மருத்துவக் கல்வி வரலாறு எழுதப்படும்போதெல்லாம் 1951 தொடக்கமாகக் கொள்ளப்படுவது, கல்லூரிக் கட்டடத்தைக் கணக்கில் கொண்டு, வார்டில் நடந்த கல்வியைக் கணக்கில் கொள்ளாததன் விளைவாகும்.

சிஸ்டர் டியூட்டரும் 1963ஆம் ஆண்டும்

சுதந்திரத்துக்குச் சற்று முன்னர், நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1946இல் அறிக்கை அளித்த போர் (Bhore) குழு, நாட்டில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர், 60,000 பேருக்கு ஒரு பேறுகாலச் செவிலி என்ற நிலை இருப்பதை எடுத்துக்காட்டி, பயிற்சியின் அளவையும் தரத்தையும் ஒருங்கே உயர்த்த வேண்டும் என்றது. அதே ஆண்டில் டில்லியிலும் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் நான்காண்டு இளநிலைப் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம், நாடு முழுவதற்கும் ஒரே தரத்தை வகுக்கும் அதிகாரத்தை ஒரு மன்றத்துக்கு அளித்தது. 1953இல் திருவிதாங்கூர்–கொச்சி தன் செவிலியர், மருத்துவச்சியர் சட்டத்தை இயற்றியது. இவையனைத்தும் பள்ளிகளிடம் ஒரு புதிய கேள்வியைக் கேட்டன: உங்கள் மாணவியருக்குக் கற்பிப்பவர் யார், அவர் அதற்கு என்ன கற்றிருக்கிறார்?

அக்கேள்விக்கு விடையாக வந்த பதவியே சிஸ்டர் டியூட்டர். வார்டுப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டு, கற்பிப்பதையே முழுநேர வேலையாகக் கொண்ட செவிலியரை இப்பெயர் குறித்தது. பின்னாளில் நர்சிங் டியூட்டர் என்றும் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் என்றும் இப்பதவி கிளைத்தது. டியூட்டரின் வருகையோடு இரண்டு மாற்றங்கள் வந்தன. புதிய மாணவி முதல் சில வாரங்கள் வார்டுக்கு அனுப்பப்படாமல், பயிற்சி அறையில் பொம்மை உடலின்மீதும் சக மாணவியின்மீதும் பழகும் முன்பயிற்சிக் காலம் முதலாவது. குறிப்பிட்ட வாரங்கள் வகுப்புக்கு மட்டும், குறிப்பிட்ட வாரங்கள் வார்டுக்கு மட்டும் என்று ஆண்டைப் பிரிக்கும் பிளாக் முறை இரண்டாவது. இவை வெறும் கால அட்டவணை மாற்றங்களாகத் தோன்றலாம். உண்மையில், மாணவியின் நேரம் மருத்துவமனைக்கு முழுவதும் சொந்தம் என்ற பழைய உரிமையில் விழுந்த முதல் வெட்டுகள் அவை. ஆள் குறைவு என்று மாணவியை அழைத்துச் செல்ல வார்டிலிருந்து ஆள் வந்தபோது, வகுப்பறை வாசலில் நின்று மறுக்கும் அதிகாரம் பெற்ற முதல் ஆள் டியூட்டரே.

ஆயினும், டியூட்டராவதற்கு உரிய படிப்பு தென்கோடியில் இல்லை. அதற்காக வேலூருக்கோ டில்லிக்கோ வெளிநாட்டுக்கோ செல்ல வேண்டியிருந்தது. திருவனந்தபுரம் நர்சிங் பள்ளி 1963இல், ஏற்கெனவே சான்றிதழ்ப் பயிற்சி முடித்துப் பணியில் இருந்த செவிலியருக்காக, இரண்டாண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. இத்தகைய சான்றிதழுக்குப் பிந்தைய பட்டப்படிப்பு இந்தியாவில் தொடங்கப்பட்டது அதுவே முதன்முறை என்பது செவிலியர் கல்வி வரலாற்றில் பதிவாகியுள்ளது. அதன் சிறப்பை அதில் சேர்ந்த மாணவியரைக் கொண்டே மதிப்பிட வேண்டும். பள்ளியிலிருந்து நேராக வரும் பதினேழு வயதுப் பெண்ணுக்குப் பட்டம் தருவது ஒரு வழி. பல ஆண்டுகள் இரவுப் பணி பார்த்து, மரணங்களையும் பிறப்புகளையும் கண்டு, கையில் தேர்ச்சி பெற்ற செவிலியரை மீண்டும் மாணவியாக்கி, உடலியலும் உளவியலும் கற்பித்தல் முறையும் சொல்லிக்கொடுத்து ஆசிரியராக்குவது வேறு வழி. திருவனந்தபுரம் தேர்ந்தது இரண்டாவது வழியை. கைவழியாக வந்த அறிவுக்கும் நூல்வழியாக வந்த அறிவுக்கும் இடையே திருமுக்கூடல் காலம் முதல் நிலவிய பிரிவினையை ஒரே மனிதருக்குள் இணைத்த ஏற்பாடு என்று இதைக் கொள்வது மிகையாகாது.

படுக்கையருகே நடக்கும் பாடம்

வார்டில் கற்பித்தல் எத்தகைய வேலை என்பதை விளக்காமல் இவ்வரலாறு முழுமை பெறாது. செவிலியர் ஆசிரியரின் அடிப்படை முறை செய்துகாட்டுதலும், மாணவி அதைத் திரும்பச் செய்துகாட்டுதலும் ஆகும். நோயாளி படுத்திருக்கும் கட்டிலிலேயே விரிப்பை மாற்றுவது முதலில் கற்பிக்கப்படும் பாடங்களுள் ஒன்று. பார்வைக்கு எளிய வீட்டுவேலை போன்ற இதில், நோயாளியை ஒருபுறம் சாய்க்கும்போது முதுகின் அடிப்பகுதித் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பதும், அச்சிவப்பு படுக்கைப்புண்ணின் தொடக்கம் என்று அறிவதும், இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கும் அட்டவணையை அங்கேயே தொடங்குவதும் அடங்கியுள்ளன. மருந்து கொடுக்கும் பாடத்தில், சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்னும் ஐந்தும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கப்பட வேண்டும் என்பது மனப்பாடமாக அன்றிக் கைப்பழக்கமாகவே ஆகும்வரை ஆசிரியர் அருகில் நிற்கிறார். 1952இல் நிறுவப்பட்ட ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை போன்ற பேறுகால மருத்துவமனையில், பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் குழந்தையின் நிறம், நாடித்துடிப்பு, தூண்டலுக்கான எதிர்வினை, தசை இறுக்கம், மூச்சு ஆகியவற்றுக்கு மதிப்பெண் இடும் ஆப்கார் முறை கற்பிக்கப்படுகிறது. மதிப்பெண்ணைக் குறிக்கக் கற்பிப்பது எளிது, குறைந்த மதிப்பெண் கண்டவுடன் பதறாமல் கை அடுத்த வேலைக்குச் செல்லக் கற்பிப்பதே கடினம்.

இப்பாடத்தின் தனிச்சிக்கல், கரும்பலகையின் இடத்தில் ஓர் உயிருள்ள மனிதர் இருப்பதாகும். மாணவியின் பிழையை உடனே திருத்தாவிட்டால் நோயாளிக்குத் தீங்கு. நோயாளியின் முன் கடிந்து திருத்தினால் மாணவியின் துணிவும் நோயாளியின் நம்பிக்கையும் ஒருங்கே போய்விடும். குரலை உயர்த்தாமல், கையை மட்டும் நீட்டி மாணவியின் கையை நிறுத்துவதும், பின்னர்ப் பணியறைக்கு வந்து காரணத்தைப் பேசுவதும் நல்ல ஆசிரியரின் இலக்கணமாகச் செவிலியரிடையே போற்றப்படுகிறது. திருவனந்தபுரத்தில் மொழியும் இதனோடு சேர்கிறது. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூரோடும், பின்னர்த் திருவிதாங்கூர்–கொச்சியோடும் சேர்ந்திருந்தமையால், எல்லை மாறிய பின்னரும் தென் தமிழகத்து நோயாளிகள் இந்நகரின் மருத்துவமனைகளை நாடி வருவது நிற்கவில்லை. ஆங்கிலத்தில் பாடம் கேட்டு, மலையாளத்தில் சக மாணவியரோடு பேசி, தமிழில் நோயாளியின் வலியைக் கேட்டறிய வேண்டிய மாணவிக்கு, குத்தலா, கடுப்பா, எரிச்சலா, உளைச்சலா என்று வேறுபடுத்திக் கேட்கக் கற்பிப்பதும் ஆசிரியரின் பணியாகிறது. வலியின் வகையைத் தவறாகக் குறித்தால் மருத்துவரின் முடிவும் தவறிப்போகலாம்.

பிரிந்த பின் எழுந்த இடைவெளி

1970களிலிருந்து பட்டப்படிப்பும், பின்னர் முதுநிலைப் படிப்பும் வளர, செவிலியர் கல்வி மருத்துவமனையின் பிடியிலிருந்து படிப்படியாக விடுபட்டது. 2010இல் கேரளச் சுகாதாரப் பல்கலைக்கழகம் அமைந்தபின், அது முழுமையாகப் பல்கலைக்கழக முறைக்குள் வந்தது. மாணவியை வேலையாளிடமிருந்து பிரிக்கும் நீண்ட முயற்சி பெரும்பாலும் வெற்றி பெற்றது எனலாம். ஆனால், அவ்வெற்றியோடு எதிர்பாராத ஒரு பிரிவும் நேர்ந்தது. கேரள அரசு அமைப்பில் கல்லூரி ஆசிரியர்கள் ஒரு பணிநிரையாகவும், வார்டில் பணிபுரியும் ஸ்டாஃப் நர்ஸ், ஹெட் நர்ஸ் ஆகியோர் வேறொரு பணிநிரையாகவும் பிரிந்தனர். ஆசிரியர் மாணவியரோடு வார்டுக்கு வருகிறார், அவர்களோடு திரும்பிச் செல்கிறார்; அந்த வார்டின் நோயாளிகளுக்கு அவர் பொறுப்பாளர் ஆகமாட்டார். பொறுப்பாளரான ஹெட் நர்ஸோ மாணவிக்குக் கற்பிக்கக் கடமைப்பட்டவர் ஆகமாட்டார். வேலூரிலோ, கல்லூரி ஆசிரியரே வார்டுப் பொறுப்பையும் வகிக்கும் இணைந்த முறை தொடக்கம் முதலே பேணப்பட்டு வருகிறது. கற்பித்தலும் பேணுதலும் ஒரே கையில் இருக்க முடியும் என்பதற்கு அது நிலைத்த சான்றாகும்.

வேறொரு வழியில் பழைய அநீதியும் திரும்பி வந்தது. வளைகுடா நாடுகளும் ஐரோப்பாவும் கேரளச் செவிலியரை நாடியதால், தனியார் கல்லூரிகள் கர்நாடகத்திலும் தமிழகத்திலும் கேரளத்திலும் பெருகின. பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற இந்தியச் செவிலியர் மன்றத்தின் விதி இருந்தும், பட்டம் பெற்ற மறு ஆண்டே, வார்டு அனுபவம் இன்றி ஆசிரியராவோர் மிகுந்தனர். படிப்பு முடித்தவரின் மூலச்சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, குறைந்த ஊதியத்தில் குறிப்பிட்ட காலம் பணிபுரிய வைக்கும் பாண்டு என்னும் ஒப்பந்த முறை பல தனியார் மருத்துவமனைகளில் நிலவியது. கற்றதற்கு உழைப்பால் விலை கொடுக்க வேண்டும் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு விதி, கட்டணம் வாங்கிய பின்னரும் உயிர் பெற்றது இதில்தான். 2011இல் யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன் அமைந்ததும், அதைத் தொடர்ந்து கேரளத் தனியார் மருத்துவமனைகளில் நடந்த வேலைநிறுத்தங்களும் இதற்கு எதிராக எழுந்த குரலின் பகுதியாகும்.

இதனிடையே மருத்துவமனைக்குள்ளேயே புதிய ஆசிரியர் ஒருவர் உருவாகிவருகிறார். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் முறை 2005க்குப் பின் இந்தியாவில் பரவியபோது, பணியில் உள்ள செவிலியருக்குத் தொடர்பயிற்சி அளிக்கப்படுவதை ஆவணத்தோடு காட்ட வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. புதிதாகச் சேர்ந்தவருக்கு அறிமுகப் பயிற்சி அளிப்பது, இதயத்துடிப்பு நின்றவருக்கு உயிர்மீட்பு முதலுதவியை ஆண்டுதோறும் மறுபடி பழக்குவது, தொற்றுத்தடுப்பு விதிகளை வார்டு வார்டாகச் சென்று சரிபார்ப்பது ஆகியவற்றுக்கென நர்ஸ் எஜுகேட்டர் என்னும் பதவி பெரிய மருத்துவமனைகளில் தோன்றியது. திருவனந்தபுரத்தில் 1976இல் பணியைத் தொடங்கிய ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், இதயநோய், நரம்பியல் செவிலியத்தில் சிறப்புப் பட்டயப் படிப்புகளை நடத்திவருவது, பணியிடத்தையே கல்விக்கூடமாக்கும் இப்போக்கின் மற்றொரு வடிவமாகும்.

இந்தியச் செவிலியர் மன்றச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசியச் செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கும் இக்காலத்தில், மேற்கண்ட வரலாறு தரும் பாடம் தெளிவானது. மாணவியைக் கூலியற்ற உழைப்பிலிருந்து விடுவித்தது இருபதாம் நூற்றாண்டின் பெருஞ்சாதனை; அதை எக்காரணத்துக்காகவும், எப்பெயராலும், பாண்டின் வடிவிலும்கூட, விட்டுக்கொடுக்கக் கூடாது. அதே வேளையில், ஆசிரியரை வார்டிலிருந்து பிரித்தது அச்சாதனைக்குத் தேவைப்பட்ட விலை அன்று. நிருவாக வசதிக்காக நேர்ந்த பிழை அது. கல்லூரி ஆசிரியருக்கு நோயாளிப் பொறுப்பில் பங்கும், வார்டின் மூத்த செவிலியருக்குக் கற்பிப்பதற்கான நேரமும் ஊதியமும் பதவியும் வழங்கும் ஏற்பாடு, வேலூரின் அனுபவத்தையும் 1963இல் திருவனந்தபுரம் எடுத்த முடிவின் உட்பொருளையும் ஒருங்கே தொடர்வதாக அமையும். பணியில் தேர்ந்தவரையே ஆசிரியராக்க வேண்டும் என்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்ட நகரம், அந்த ஆசிரியர் தேர்ந்த பணியை விட்டுவிடாமல் கற்பிக்கும் வழியையும் காண வேண்டிய கடன் பட்டிருக்கிறது.